சலவை எண் 43

ஹெட்டியின் காலுறைகள் திரும்பி வந்தன,
ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை.
துவைத்து, காய்ந்து, ஒன்றுக்குள் ஒன்று சுருட்டி,
விளிம்பில் அவளுடைய எண்: நாற்பத்து மூன்று.
ஹெட்டி திரும்பி வரவில்லை.

விடுமுறையில், வால்கெட் பக்கம் அவர்கள் பண்ணையில்
ஓடைக்கரையில் குவாட் பைக் புரண்டது.
மண்டபத்தில் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்கள்.
பிறகு சூடாக மைலோ தந்தார்கள்.
அவளுடைய கட்டிலை எடுத்துப்போனார்கள்.
லினோலியத்தில் கட்டில்காலின் நான்கு குழிகள் மட்டும்
இன்னும் பாரம் சுமப்பதுபோல் கிடந்தன.

அடுத்த வெள்ளியும் ஒரு சோடி.
அதற்கடுத்த வெள்ளியும்.

"விசாரிக்க வேண்டும்" என்றாள் ரோவன்.
கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் எழுதினோம்:
சந்தேக நபர் ஒன்று, இரவில் சுற்றிவரும் மிஸ் டன்ஸ்டன்.
இரண்டு, கூரைக்குள் குடியிருக்கும் பொஸம்.
பொஸமுக்குக் காலுறை எதற்கு என்றேன்.
"ஆர்மிடேல் குளிர் அதற்கும் குளிர்தானே."
மூன்று வாரத்தில் முதல்முறை சிரித்தோம்.
யாரோ பார்த்துவிட்டதுபோல்
சட்டென்று நிறுத்தினோம்.

மூன்றாவது பெயரை நான் எழுதவில்லை.
தவணை முடிந்த நாள் ஹெட்டி
கார் ஜன்னலால் கழுத்தை நீட்டிக் கத்தினாள்:
"போயிட்டு வாறன்!"
நான் பழக்கிய சொல்.
எங்கள் வீட்டில் ஒருவரும் வெறுமனே "போறன்" என்பதில்லை,
பால் வாங்கப் போனாலும்.
சொன்னவள் சொன்னபடியே, பாதத்தில் தொடங்கி
சோடி சோடியாக வருகிறாளோ என்று
இரண்டு வெள்ளிக்கிழமைகள் நினைத்தேன்.
ஞாயிறு தொலைபேசியில் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.
பன்னிரண்டு வயதுக்கு அது வெட்கம்.

பவுடர் யோசனையும் ரோவனுடையதுதான்.
வியாழன் இரவு, சலவைக்கூடை அறைவாசலில்
லாவெண்டர் பவுடரை டப்பாவோடு கவிழ்த்தோம்.
விடிய ஐந்து மணிக்கு டோர்ச்சுடன் எழுந்தேன்.
வெறுங்கால் தடம்.
இடது சுண்டுவிரல் மட்டும் தரையில் படவில்லை.
குளியலறை தாண்டி, என் கட்டில் தாண்டி,
ரோவனின் கட்டிலடியில் முடிந்தது.
அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள்.
தூங்குகிறவர்கள் அவ்வளவு ஒழுங்காக மூச்சு விடுவதில்லை.
போர்வைக்கு வெளியே ஒரு குதிகால்,
மாவில் புரட்டியதுபோல் வெள்ளை.

பவுடர் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாதா?

நான் மண்டியிட்டேன்.
பைஜாமா முழங்காலாலேயே தரையைத் துடைத்துக்கொண்டு
அறைவாசல்வரை தவழ்ந்தேன்.

"தடம் ஏதாவது?" என்றாள் காலையில்.
"பொஸம்" என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு கொப்பியைத் திறந்து எழுதினாள்:
பொஸம். ஐந்து விரல். இடது சுண்டுவிரல் சற்றே தூக்கல்.

நான் சொல்லாத விவரம் அது.

ஹொக்கி மைதான வேலியோரம், மட்டையால் உறைபனியைச் சுரண்டியபடி
அவளாகவே சொன்னாள்.
பெட்டி கட்டும்போது கலந்துபோன ஆறு சோடிகள்.
ஒரு மாதம் ஒன்றும் வராவிட்டால்
பட்டியலில் எண்ணை வெட்டிவிடுவார்களாம்.
அழுக்கில்லாமல் போட்டால் பொய்யாகிவிடும்,
அதனால் போட்டு நடந்தாளாம்.
"நீ கண்டுபிடிக்க ஏன் இத்தனை நாள்?" என்று
கோபமாகக் கேட்டாள்.
அப்புறம் மூக்கைச் சட்டைக்கையில் துடைத்தாள்.

அடுத்த வியாழன் நானும் ஒரு சோடி வாங்கிப் போட்டேன்.
எனக்கு ஓர் அளவு பெரிது,
குதிகால் கணுக்காலுக்கு ஏறி நின்றது.
கணக்கு, விஞ்ஞானம், சாப்பாட்டு வரிசை,
நாள் முழுக்க ஷூவுக்குள் யாரோ
இடம் விட்டு நடந்ததுபோல் இருந்தது.
கட்டைவிரலில் ஓட்டை. அது அவள் போட்டதோ நான் போட்டதோ.

வெள்ளிக்கிழமை இரண்டு சோடிகள் வந்தன.
ப்ளெவின்ஸ் அம்மா, சலவை அறையில் இருபது வருடம்,
எங்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை,
அந்த ஓட்டையைப் பச்சை நூலால் தைத்து அனுப்பியிருந்தார்.